பெருவழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கோவையிலிருந்து கொடுமணலுக்கு மெயின் ரோட்டில் பறந்துவிடலாம். ஆனால், ஒருமுறை உள்வழியாகப் போய்ப் பாருங்களேன்!

முதலில் சுண்டக்காமுத்தூர். அங்கே பாறையில், தமிழிலும் வட்டெழுத்திலும் ஒரு 'போர்டு'... ராஜகேசரிப் பெருவழி! 9-ம் நூற்றாண்டு. முதலாம் ஆதித்த சோழன் காலம் என்கிறார்கள் அறிஞர்கள். அன்றைய நேஷனல் ஹைவே!

அதற்கும் சுமார் 800 வருஷம் முன்பே பாலக்காட்டுக் கணவாய் வழியே வியாபாரம் நடந்திருக்கிறது. சாட்சி வேண்டுமா? அடுத்து வெள்ளலூர். 1842-ல் அங்கே கிடைத்த ரோமானியக் காசுகளில் அகஸ்டஸும் டைபீரியஸும் இருந்தார்கள்.

பல்லடம் தாண்டி காங்கேயம். கிளுவை வேலி, உள்ளே கொறங்காடு, வேல மர நிழலில் அசைபோடும் மாடுகள். வழி கேட்டால், "நேராப் போயிச் சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க கண்ணு" என்பார் பெரியவர். பக்கத்தில் படியூர். பெரில் என்ற நீலப்பச்சைக் கல் விளைந்த பூமி.

அந்தக் கற்கள் மணிகளான ஊர்தான் நொய்யல் கரைக் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம். 1985 முதல் தோண்டத் தோண்ட மணிகள், இரும்பு உலைகள், பெயர் பொறித்த பானை ஓடுகள்!

அருகிலேயே ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டியது. திருப்பூர் பனியன் கடல் கடந்தது. சாயக்கழிவு இங்கே தேங்கியது. 'தண்ணியத் திறந்துடாதீங்க' என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிவந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது.

அன்றைய ஏற்றுமதி, மண்ணில் மணிகளை விட்டுப்போனது. நம்முடையது எதை விட்டுப்போகும்? கரையில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசியுங்க. ஹைவேயில் போனால் இந்தக் கேள்வி வராது!