‘வளர்ச்சியூக்கி’: ஒரு சொல்லின் சமூகத்தளம்

இலக்கிய ஆய்வில் ஈடுபடுவோர் சொற்களை அவற்றின் சமூகத்தளத்தில் வைத்து நோக்கப் பழகியவர்கள். அவ்வாறு நோக்கவேண்டிய சொற்களுள் ‘வளர்ச்சியூக்கி’யும் ஒன்று. கால்நடைத் தீவனத்திற் சிறிதளவாக, ஆனால் இடையறாது கலக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு வழங்கிய பெயர் இது. விலங்கின் உடலுக்கு ஏதோ புதிய ஆற்றல் ஊட்டப்படுகின்றது என்ற எண்ணத்தை இப்பெயர் தருகின்றது. நடந்தது அதுவன்று என்பதே எமது கருத்தாகும்.

1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் தோமஸ் ஜூக்ஸ், ரொபேட் ஸ்ரொக்ஸ்ராட் ஆகியோர் விற்றமின் பி12 தொடர்பான ஆய்வில் ஈடுபட்டிருந்தனர். ஓரியோமைசின் தயாரிப்பில் எஞ்சிய சக்கையை உண்ட கோழிக்குஞ்சுகள் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்தன. சக்கையில் தங்கியிருந்த மருந்தே காரணமென 1950இல் அறிவிக்கப்பட்டது, கழிவு சரக்காயிற்று. 1951இல் அமெரிக்கா மிருக வைத்தியரின் சிட்டையின்றியே இதனைத் தீவனத்திற் சேர்க்க அனுமதித்தது. பிரித்தானியா 1953இல் பன்றி, கோழித் தீவனங்களுக்குச் சட்டமூலம் வழிதிறந்தது. அங்கு இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலை வரை நீடித்தது என்பதை மறத்தலாகாது. மலிவான இறைச்சி வேண்டுமென்ற கோரிக்கையை நாம் ஏளனஞ் செய்வதற்கில்லை.

இளம் பன்றிகளிலேயே விளைவு துலக்கமாகத் தெரிந்தது. 1950 முதல் 1985 வரை அமெரிக்காவில் நடைபெற்ற பரிசோதனைகளின் தொகுப்பின்படி, பால்மறந்த குட்டிகளின் வளர்ச்சிவேகம் சராசரி 16 சதவீதம் கூடிற்று. கொழுக்கவைக்கப்படும் பருவத்திலோ 4 சதவீதமே. துப்புரவான பரிசோதனை நிலையங்களிலும் பார்க்கச் சாதாரண பண்ணைகளிற் பயன் அதிகமாயிருந்தது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? பிரித்தானியாவில் மேரி கோட்ஸும் சகாக்களும் 1963இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முக்கியமானது. நுண்ணுயிரே அற்ற சூழலில் வளர்ந்த கோழிக்குஞ்சுகளுக்குப் பெனிசிலின் ஊட்டியபோது மேலதிக வளர்ச்சி எதுவும் ஏற்படவில்லை. எனவே மருந்து செய்ததெல்லாம், குடலில் வளர்ச்சிக்கு இருந்த தடையொன்றைத் தளர்த்தியதே.

பன்றிக்குட்டியைப் பொறுத்தவரை அத்தடை பெரும்பாலும் வளர்ப்புமுறை தோற்றுவித்தது. இயற்கையில் அது மூன்று, நான்கு மாதங்களிற் படிப்படியாகப் பால் மறக்கும். பண்ணைகளில் முன்பு 8 வாரமாக இருந்த அவ்வயது, கைத்தொழில்முறை வளர்ப்பில் 3, 4 வாரங்களாகச் சுருங்கிற்று. தாய்ப்பால் தந்த பாதுகாப்பு சடுதியாக நின்றுவிடவே, சிறுகுடலின் சடைமுளைகள் குறுகுகின்றன; சமிபாடு குன்றுகின்றது; எசரிக்கியா கோலை பற்றீரியா பெருகி வயிற்றோட்டத்தை உண்டாக்குகின்றது. தாய்ப்பன்றியை விரைவில் மீண்டும் சினைப்படுத்துவதே இந்த அவசரத்தின் பொருளாதாரம். பேக்வெல் என்பார் செம்மறியாடுகளின் முதிர்ச்சிக்காலத்தைக் குறைத்தமையை, மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் மூலதனத்தின் புரள்வுக்காலத்தோடு தொடர்புபடுத்துவார். பேக்வெல் இனத்தெரிவாற் சாதித்ததற்கு எமது காலம் மருந்தையும் துணைக்கழைத்தது. இடத்துக்கும் வைக்கோலுக்கும் உழைப்புக்கும் செலவிடவேண்டியதை அது மிச்சப்படுத்திற்று.

மிச்சப்பட்ட செலவு பொதுமக்களின் நலத்தின்மீது விழுந்தது. கன்றுகளிடையே பரவிய சல்மனெல்லா பல மருந்துகளுக்கு ஒருங்கே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்ததையும், அது மனிதரையும் தொற்றியதையும் 1960களில் இலண்டனில் ஈ. எஸ். அன்டர்சன் எடுத்துக்காட்டினார். 1969 நவம்பரில் வெளிவந்த சுவான் குழுவின் அறிக்கை, மனித மருத்துவத்துக்குரியவற்றைத் தீவனத்திலிருந்து விலக்கச் சொல்லிற்று, ஏனையவற்றுக்கு இடமளித்தது. இப்பிரிகோடு எவ்வளவு வலுவற்றது என்பதற்குச் சான்று கிழக்கு ஜேர்மனியிலிருந்து வந்தது. (சோசலிச நாடுகளும் இதே வழியிற் சென்றன என்பதை மறைப்பது நேர்மையாகாது. இலாபத்தின் அவசரத்தைப் போன்றே உற்பத்தி இலக்கின் அவசரமும் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தது.) மனித மருத்துவத்திற் பயன்படாத நோர்சியோத்திரிசின் 1983 முதல் அங்கு பன்றித் தீவனத்திற் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதற்கு எதிர்ப்புடைய பற்றீரியாக்கள் முதலிற் பன்றிகளின் குடலிலும், பின்னர் பண்ணைத் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோரின் குடலிலும் காணப்பட்டன.

1986இல் சுவீடன் வளர்ச்சியூக்கிகளை முற்றாகத் தடைசெய்தது. அங்கு விவசாயிகள் சம்மேளனமே அதனைக் கோரியிருந்தது. தடையை அடுத்துப் பால்மறந்த குட்டிகளிடையே வயிற்றோட்டம் பெருகிற்று. சிட்டைமூலம் மருந்துத் தீவனம் திரும்பி வந்தது. நாக ஒட்சைட்டும் சேர்ந்துகொண்டது. பால்மறக்கும் வயதை உயர்த்தி, தீவனத்திற் புரதத்தைக் குறைத்து, வைக்கோல் பரப்பி, கொட்டில்களைத் தொகுதி தொகுதியாக வெறுமையாக்கிச் சுத்தஞ்செய்த பின்னரே நிலைமை சீர்பெற்றது. வளர்ப்புமுறை மாறியபோது மருந்தின் தேவையும் குறைந்தமை எமது வாதத்துக்கு அரண்செய்கின்றது.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் எஞ்சிய வளர்ச்சியூக்கிகளை நீக்கிற்று. நாக ஒட்சைட்டின் மருத்துவ அளவுப் பாவனையும் 2022 ஜூனில் முடிவுற்றது. அவ்வொன்றியத்தின் சட்டத்தில் பால்மறக்கச் செய்யும் குறைந்த வயது 28 நாள். தனிக் கொட்டில் வசதியிருப்பின் 21.