படம் வரைவது எந்தச் சிப்?

யாங்கோனில் கட்டடக்கலையும் உள்ளலங்காரமும் படிக்கும் தம்பி தங்கைகளிடம் நான் அடிக்கடி கேட்கும் குறை இது: "அண்ணே, தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிற லேப்டாப்தான் வாங்கினேன். ஆனா ஸ்கெட்ச்அப்ல வீட்டைத் திருப்பினா திக்கித் திக்கி நகருது." அடுத்து அப்பாவிடம் புது லேப்டாப் கேட்கப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பல நேரம் கார்டு கெட்டுப்போயிருக்காது. அதற்கு யாரும் வேலை கொடுத்திருக்க மாட்டார்கள். ஏன் இப்படி என்று புரிய, அறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

1963இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துக் கோடு போடலாம். இன்றைய வடிவமைப்பு மென்பொருள்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். ஆனால் படம் மறையாமல் நிற்க, டிஎக்ஸ்-2 கணினியே ஒவ்வொரு புள்ளியையும் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. கணக்குப் போடும் மூளைக்கே படம் காட்டும் வேலையும்.

அதனால் படத்துக்கென்று தனிக் கருவி வைத்தார்கள். அதற்குத் திறமையைக் கூட்டக் கூட்ட, அதுவே ஒரு கணினி போல் ஆனது. பிறகு அதற்கும் ஓர் உதவிக் கருவி தேவைப்பட்டது. 1968இல் சதர்லேண்டும் மையர் என்பவரும் எழுதிய கட்டுரை இந்தச் சுழற்சிக்கு 'மறுபிறவிச் சக்கரம்' என்று பெயர் வைத்தது. சூலே பகோடாவும் காளியம்மன் கோயிலும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கும் கணினி சீக்கிரமே வந்தது. 1971இல், நம் பெரியவர்கள் இன்றும் ரங்கூன் என்றே சொல்லும் இந்த ஊரில், ஹ்லைங் வளாகத்தில் பல்கலைக்கழகங்களின் கணினி மையம் ஐசிஎல் 1902எஸ் இயந்திரத்துடன் தொடங்கியது. 1982இல் வெளிநாட்டில் ஆட்டோகேட் வந்து, மேசைக் கணினியிலேயே வரைபடம் போடலாம் என்றானது. இங்கேயோ, 1996இல் வந்த கணினி அறிவியல் வளர்ச்சிச் சட்டம், அரசு குறிப்பிடும் வகைக் கணினிகளை அனுமதியின்றி இறக்குமதி செய்தாலோ வைத்திருந்தாலோ 7 முதல் 15 ஆண்டு வரை சிறை என்றது. 1999இல் என்விடியா தன் ஜிபோர்ஸ் 256ஐ 'ஜிபியு' என்று சொல்லி விற்றபோது நம் நிலைமை இதுதான்.

பிறகு சக்கரம் திரும்பியது. 2010இல் இன்டெல் தன் லேப்டாப் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸை வைத்தது. அதே ஆண்டு என்விடியா ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட லேப்டாப்பின் திரை, பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸோடுதான் இணைந்திருக்கும். தனிக் கார்டு படத்தை வரைந்து அதன் கையில் கொடுக்கும், இல்லாவிட்டால் தூங்கும். எந்த மென்பொருளுக்கு அதை எழுப்புவது என்று டிரைவர் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும். பட்டியலில் இல்லாத மென்பொருள் சின்னதிலேயே ஓடக்கூடும்.

இதெல்லாம் பேட்டரியை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு. எப்போதாவது விமானத்தில் பேட்டரியில் ஓட்டுபவருக்கு அது வரம். கரண்ட் எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டே புராஜெக்ட் முடிக்கும் யாங்கோன் மாணவருக்கு? பேட்டரியில் ஓடும்போது, எழுப்பிய கார்டும் முழு வேகம் தராது. மூன்று பரிமாண வேலையைக் கரண்ட் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், உங்கள் மென்பொருளைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுங்கள். மென்பொருளை மூடித் திறங்கள். ஆட்டோகேடில் கிராபிக்ஸ்கான்ஃபிக் என்று தட்டினால் எந்தக் கார்டு என்று அதுவே சொல்லும். மேசைக் கணினி என்றால் முதலில் பின்பக்கம் பாருங்கள்: மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டு சரியில்லை என்பவர்கள் நிறையப் பேர்.

ஆட்டோகேடில் வெறும் தரைப்படம் போடுகிறீர்களா? அப்படியானால் கார்டை எழுப்பியும் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே பெரும்பாலான வேலை பிராசசரின் ஒரே கோரில்தான் நடக்கிறது.