அனுப்பியாச்சு என்றால் போய்ச் சேர்ந்ததாகுமா?



ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், தாம் படிப்பித்த காலத்து வகுப்புப் படங்களை எங்களிடம் நம்பித் தந்தார். நாங்கள் அவற்றை ஸ்கேன் செய்து ஆசிரியர்களின் போன் குழுவில் போட்டோம், அல்பத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "அனுப்பியாச்சு" என்ற நினைப்பில் எங்கள் போனில் இருந்ததை அழித்தும் விட்டோம். சில மாதங்களின் பின் தேடினால், குழுவில் ஒருவரும் அவற்றை இறக்கி வைத்திருக்கவில்லை. இடையில் பெய்த மழையில் அல்பமும் நனைந்து, இரண்டு படங்கள் ஒட்டிப் போயிருந்தன. அந்த இரண்டும் இனி எங்கும் இல்லை. பிழை எங்களுடையது.

அதற்குப் பிறகுதான், ஒரு கோப்பை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு ஒழுங்காக அனுப்ப மனிதர்கள் எப்படிப் பழகினார்கள் என்று தேடிப் பார்த்தோம்.

அதற்கான விதிகளை முதலில் எழுதியவர் நமது பக்கத்து நாட்டுக்காரர். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் தொகுதியில் படித்த அபய் பூஷண். 1971 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது அவர் எழுதிய ஆவணம்தான் எஃப்.டி.பி. என்ற கோப்புப் பரிமாற்ற முறையின் தொடக்கம். 1983 இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில் "சொக்கெட்" என்ற வசதி வந்தது. கொம்பியூட்டரின் முகவரி ஒரு கட்டடம் என்றால், போர்ட் இலக்கம் அதிலுள்ள கவுண்டர். இரண்டு பக்கத்துக் கவுண்டர்களையும் இணைக்கும் வாசல்தான் சொக்கெட்.

1985 இல் திருத்தி எழுதப்பட்ட விதிகளில் இரண்டு வழிகள் உண்டு. பேச்சுக்கு 21 ஆம் கவுண்டர், சரக்குக்கு வழக்கமாக 20. புறக்கோட்டை மொத்த வியாபாரியை நினைத்துப் பாருங்கள். தெஹிவளை வீட்டில் இருந்தபடியே ஒரு கடைக்கும் கண்டியில் இன்னொரு கடைக்கும் போன் எடுப்பார். மூட்டை ஒரு கடையில் இருந்து மற்றக் கடைக்கு நேராகப் போகும், அவர் வீட்டுக்கு வராது. இரண்டு சேர்வர்களுக்கு இடையில் இப்படி நேராகக் கோப்பு அனுப்பும் முறையும் அந்த விதிகளிலேயே இருக்கிறது.

நமக்கு உறைத்த விடயம் வேறு. கோப்பு துண்டு துண்டாக, இலக்கமிட்டுப் போகிறது. கிடைத்த துண்டுக்கு மறுபக்கம் பதில் சொல்ல வேண்டும், பதில் வராத துண்டு மீண்டும் அனுப்பப்படும். முழுதும் முடிந்தால் சேர்வர் 226 என்று சொல்லும். இடையில் அறுந்தால் 426. மௌனத்தை யாரும் "சரி" என்று எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கதை நம் ஊருக்கும் வந்தது. 1990 இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய லேர்ன்மெயில், தொலைபேசி வழியாக மின்னஞ்சல் அனுப்பியது. கடிதங்கள் காத்திருந்து, இணைப்புக் கிடைக்கும்போது தொகுதியாகப் போயின. பிறகு பக்கத்துக் கல்கிசைக் கரையிலேயே கடலடி வடங்கள் ஏறின. ஜேர்மனியில் இருந்து ஜப்பானும் அவுஸ்திரேலியாவும் வரை ஏறத்தாழ 39,000 கிலோமீற்றர் நீண்ட சீ-மீ-வீ 3 அவற்றில் ஒன்று. 2006 இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்து இன்னொன்று வந்தது. நாம் மாலையில் காற்று வாங்கும் கடலுக்கு அடியில்தான் இத்தனையும் போய் வந்தன.

அந்த வடமும் அறும். 2004 ஆகஸ்டில் ஒரு கப்பலின் நங்கூரம் கொழும்புக்கு அப்பால் வடத்தைச் சேதப்படுத்தியபோது நாட்டின் இணையம் பெருமளவு முடங்கியது. வழி அறும் என்று தெரிந்தவர்கள்தான் பதில் கேட்கும் விதியையும் எழுதி வைத்தார்கள்.

இப்போது ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரிகளில் பழைய பாடசாலைப் படங்கள், திருமண அழைப்பிதழ்கள், வாப்பாமாரின் கடிதங்கள் இருக்கும். பிள்ளைகளைக் கொண்டு ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்புங்கள். படமாக அனுப்பினால் போன் அதைச் சுருக்கிவிடும், ஆகவே "டொக்கியுமென்ட்" ஆக அனுப்புங்கள். எஃப்.டி.பி.யிலும் உள்ளதை உள்ளபடியே அனுப்பத் தனி வகை ஒன்று உண்டு.

நாங்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இரண்டு இடங்களில் சேமித்த பிறகே "கிடைத்தது" என்று பதில் போடுவோம். அதுவரை உங்களிடம் உள்ளதை அழிக்க வேண்டாம். எங்கள் பதில் வராவிட்டால் மீண்டும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அமானிதம் கையை விட்டுப் போனதும் முடிவதில்லை. உரிய கையில் சேர்ந்த பிறகே முடிகிறது. அந்த இரண்டு படங்களில் இருந்த பிள்ளைகள் யார் யார் என்று டீச்சர் நினைவில் இருந்து பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம், இம்முறை இரண்டு கொப்பிகளில்.