பாலித் தீவும் பாஞ்ஞாளும்: படத்தில் பதிந்த சடங்குகள்

கேரளத்தில் வாழும் தமிழன்பர்களுக்கு வெளிச்சப்பாட்டை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாலக்காட்டுப் பகவதி கோயில் திருவிழாக்களில் சிவப்புப் பட்டு உடுத்தி, சிலம்பு குலுங்க, வாளால் நெற்றியை வெட்டிக்கொண்டு அருள்வாக்கு சொல்பவர். நம்ம ஊரில் 'சாமி வந்து ஆடுறது' என்போமே, அதற்கு நெருங்கிய உறவு. நோய்க்கும் குடும்பக் கஷ்டத்துக்கும் அவர் வாக்கைக் கேட்டு நிற்போர் இன்றும் உண்டு.

இதுபோன்ற காட்சி கடல் கடந்த பாலித் தீவிலும் உண்டு. மார்கரெட் மீட், கிரிகரி பேட்சன் என்னும் மானிடவியல் அறிஞர்கள் 1937 முதல் 1939 வரை அங்கே பிடித்த படம், 'டிரான்ஸ் அண்ட் டான்ஸ் இன் பாலி' என்ற பெயரில் 1952-ல் வெளிவந்தது. அருள் வந்தவர்கள் கிரிஸ் என்னும் குத்துவாளைத் தம் மார்பில் வைத்தே அழுத்துகிறார்கள். பின்னர் தீர்த்தமும் புகையும் கொடுத்து அவர்களைத் தெளியவைக்கிறார்கள்.

வியாபாரியான எனக்கு ஒரு பழக்கம். எந்தச் சரக்கைப் பார்த்தாலும், 'இது யார் ஆர்டருக்குச் செஞ்சது?' என்று கேட்பேன். பாலியில் அந்த ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் அந்த அறிஞர்களே. வழக்கமாக இரவில் நடப்பது, கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் பகலில் நடந்தது. ஆடியவர்கள் பொய்யாக ஆடினார்கள் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் நேரத்தைக் குறித்தது கேமரா.

நம் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஷொர்ணூரில் பாரதப்புழையைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில், திருச்சூர் மாவட்டத்துப் பாஞ்ஞாள் கிராமம். அங்கே 1975 ஏப்ரலில் நம்பூதிரிகள் பன்னிரண்டு நாள் அதிராத்ர வேள்வி நடத்தினார்கள். பறவை வடிவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்களால் வேதி அமைத்தார்கள். பேராசிரியர் ப்ரிட்ஸ் ஸ்டால் முயற்சியால் வெளிநாட்டு நிதியும் வந்தது. ராபர்ட் கார்ட்னருடன் சேர்ந்து அவர் எடுத்த 'ஆல்டர் ஆப் பயர்' 1976-ல் வெளியானது.

பழைய முறைப்படி பதினான்கு ஆடுகள் பலியாகவேண்டும். எதிர்ப்பு கிளம்பவே, அரிசிமாவை வாழையிலையில் பொதிந்து ஆடுகளுக்குப் பதிலாக வைத்தார்கள். ஆடுகள் பிழைத்தன, சமணனான எனக்கு அதில் மகிழ்ச்சி. ஆனாலும் எங்கள் யசோதர காவியம் இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. அதில் மன்னன் யசோதரன், தாயின் சொல்லுக்கு இணங்கி உயிருள்ள கோழிக்குப் பதில் மாவால் செய்த கோழியைப் பலியிடுகிறான். கொல்லும் எண்ணத்தோடு வெட்டியதால் வினை சேர்ந்து, மயில் முதலான பிறவிகளில் உழல்கிறான். உயிர் போனதா என்பதோடு, மனம் என்ன எண்ணியது என்பதும் கணக்கில் வரும் என்பதே அக்காவியத்தின் தீர்ப்பு.

அப்படியானால் பாஞ்ஞாளில் மாவைப் பொதிந்த மனம் எண்ணியது என்ன? ஆட்டின் மேல் கருணையா, ஊரார் கோபத்துக்கு அஞ்சியதா, சடங்கை எப்படியாவது காப்பாற்றும் ஆசையா? கேமரா இலைப் பொட்டலத்தைக் காட்டும், உள்ளத்தைக் காட்டாது. கார்ட்னர் பின்னர் காசியின் ஈமச்சடங்குகளை எடுத்த 'பாரஸ்ட் ஆப் ப்ளிஸ்' (1986) படத்தில் விளக்கவுரையே கிடையாது. அங்கே பார்ப்பவர்தான் எல்லாவற்றையும் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இதனால் இப்படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இனி நடக்காதோ என்று கருதப்பட்ட அந்த வேள்வி 2011-ல் மீண்டும் பாஞ்ஞாளிலேயே நடந்தது. 1975-ல் எது மாறியது என்று ஒப்பிட இன்று கையில் இருக்கும் சாட்சிகளில் அந்தப் படமும் ஒன்று.

ஆகவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் குலதெய்வப் பூசையை, அருள்வாக்கை, பாட்டி தாத்தாவின் காரியத்தைப் படம்பிடித்து வைக்கிறார்கள். நல்லதுதான். கூடவே, யார் நடத்தினார்கள், படத்துக்காக எதை மாற்றினார்கள், பழையதில் எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதை நாலு வரி எழுதியும் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.