பழைய லென்ஸ், புதிய கேமரா: லைக்கா எம்8 கதை

2006ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் லைக்கா நிறுவனம் எம்8 என்ற கேமராவை அறிமுகம் செய்தது. எம் வரிசையில் அதுதான் முதல் டிஜிட்டல் கேமரா. அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 4,800 டாலர். அதுவும் லென்ஸ் இல்லாமல், வெறும் கேமராவுக்கு மட்டும்! தானாக ஃபோகஸ் செய்யாது, ஜூம் கிடையாது, வீடியோ கிடையாது. இதை யார் வாங்குவார்கள் என்று கேட்கத் தோன்றும்.

வாங்கக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். இருபது, முப்பது வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த லைக்கா லென்ஸ்கள் அவர்கள் அலமாரியில் இருந்தன. சிலரிடம் அப்பா, தாத்தா காலத்து லென்ஸ்கள்கூட இருந்தன. ஃபிலிம் கடைகள் மூடிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த லென்ஸ்கள் டிஜிட்டலுக்கு வருமா, அல்லது கிடைத்த விலைக்கு விற்றுவிட வேண்டுமா என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. லைக்காவுக்கும் அது வாழ்வா சாவா கேள்விதான். 2005இல் மூழ்கும் நிலைக்குப் போய், ஆண்ட்ரியாஸ் காஃப்மன் என்ற முதலீட்டாளரின் பணத்தால் தப்பித்த நிறுவனம் அது.

இந்தக் கேள்வியை லைக்கா முன்பும் ஒருமுறை சந்தித்திருக்கிறது. கொஞ்சம் பின்னால் போவோம்.

ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த முதல் லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தது. 1930களில் அதற்கு மாற்றக்கூடிய லென்ஸ்கள் வந்தன. 39 மி.மீ. அகலமுள்ள மரையில் திருகி மாட்டும் லென்ஸ்கள் அவை. லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் 28.8 மி.மீ. திருகி மாட்ட நேரமாகும் என்பதால், 1954இல் வந்த எம்3 கேமராவில் ஒரு திருப்பில் பூட்டிக்கொள்ளும் புதிய வளையம் வைத்தார்கள். அப்படியானால் கால் நூற்றாண்டு காலத் திருகு லென்ஸ்கள் எல்லாம் குப்பையா?

இல்லை. புதிய கேமராவில் அந்தத் தூரத்தை 27.8 மி.மீ. என்று வைத்தார்கள். சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைவு. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்தைப் பழைய லென்ஸில் திருகிவிட்டால் தூரம் மறுபடி 28.8 ஆகிவிடும்! ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் அப்படியே வேலை செய்தது. லென்ஸுக்குத் தகுந்த சட்டக்கோடு வியூஃபைண்டரில் தெரிய வேண்டும் என்று வளையங்களையே வகை வகையாகச் செய்தார்கள்.

இதன் அருமை தெரிய கேனானைப் பார்த்தால் போதும். 1987இல் கேனான் இஓஎஸ் வரிசையைத் தொடங்கியபோது பழைய எஃப்டி லென்ஸ்களைக் கைவிட்டது. எஃப்டியின் தூரம் 42 மி.மீ., புதியதன் தூரம் 44 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர், ஆனால் தவறான பக்கம்! இடையில் வளையம் போட இடமே இல்லை. உள்ளே கண்ணாடி வைத்த இணைப்பான் இல்லாமல் பழைய லென்ஸில் தொலைதூரக் காட்சி தெளிவாக விழாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார், முழுக்க மின்தொடர்பு, அகலமான வாய் என்று கேனானுக்கு நல்ல காரணங்கள் இருந்தன. பின்னாளில் அது வென்றதும் உண்மை. ஆனால் 1986இல் எஃப்டி லென்ஸ் வாங்கியவருக்கு அதில் ஆறுதல் ஏது?

மறுபடி 2006. எம்8இன் வளையம் 1954இல் வந்த அதே வளையம்தான். ஆகவே பழைய லென்ஸ் மாட்டும். ஆனால் மாட்டுவது வேறு, படம் சரியாக விழுவது வேறு.

கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமராக்களில் அந்தக் கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும். அதனால் லென்ஸ் தள்ளியே இருக்கும் (நிக்கான் எஃப் வளையத்தில் 46.5 மி.மீ.). லைக்கா எம்மில் அந்தக் கண்ணாடி இல்லை. ஆகவே அகலக் கோண லென்ஸ்களின் பின்பகுதி கேமராவுக்குள் நன்றாக நுழைந்து, ஃபிலிமுக்கு மிக அருகில் போய் நிற்கும். 1958இல் வந்த 21 மி.மீ. சூப்பர் ஆங்குலான் இதற்கு நல்ல உதாரணம். நடுவில் ஒளி நேராக விழும். ஓரங்களிலோ மிகவும் சாய்ந்து வரும். ஃபிலிம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆனால் அன்றைய சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு குட்டிக் கிணறு மாதிரி. உச்சி வெயில் கிணற்றின் அடியைத் தொடும், மாலை வெயில் சுவரோடு நின்றுவிடும். ஆகவே படத்தின் ஓரம் இருண்டுபோகும். போதாததற்குச் சென்சாரின் மேல் ஒரு வடிகட்டிக் கண்ணாடி. சாய்ந்து வரும் ஒளி அதற்குள் வளைந்து இடம் மாறுவதால் ஓரங்கள் மங்கும்.

எப்சன் 2004இல் கோசினாவுடன் சேர்ந்து ஆர்-டி1 என்ற 6 மெகாபிக்சல் கேமராவைக் கொண்டுவந்தது. எம் லென்ஸ்கள் மாட்டிய முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் அதுதான். சிறிய சென்சார் வைத்து, ஓரங்களை வெட்டிவிட்டுப் பிரச்சினையிலிருந்து ஓரளவு தப்பித்தது. லைக்காவும் பாதி வழி அப்படித்தான் போனது. எம்8இன் சென்சார் 18 × 27 மி.மீ. இதனால் 21 மி.மீ. லென்ஸ் 28 போலவும், 35 மி.மீ. லென்ஸ் 47 போலவும் ஆகிவிட்டது. வாழ்நாள் முழுக்க 35இலேயே தெருவைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. அதே லென்ஸ்தான், ஆனால் அதே பார்வை இல்லை.

மீதியைக் கோடாக் தயாரித்த அந்தச் சென்சாரிலேயே சரிசெய்தார்கள். ஓரப் பிக்சல்களின் மேலிருக்கும் நுண்லென்ஸ்களை, சாய்ந்து வரும் ஒளியை வாங்கும்படி சற்றே நகர்த்தி வைத்தார்கள். வடிகட்டிக் கண்ணாடியை வெறும் அரை மில்லிமீட்டர் கனமாக்கினார்கள். பழைய லென்ஸ்களுக்காக எடுத்த முக்கியமான முடிவு இது. வம்பும் இங்கேதான் வந்தது.

அந்தக் கண்ணாடியின் வேலை அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பது. மெல்லியதாக இருந்ததால் முழுதாகத் தடுக்க முடியவில்லை. பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைக் கருப்புத் துணிகள் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்பும். விளைவு, கருப்புக் கோட்டு போட்ட மாப்பிள்ளை படத்தில் கத்தரிப்பூ நிறக் கோட்டோடு நின்றார்! கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர் 4,800 டாலர் கொடுத்து வாங்கிய கேமரா இப்படிச் செய்தால் என்ன ஆகும்? கேமரா கடைக்கு வந்த சில வாரங்களிலேயே புகார்கள் குவிந்தன. லைக்கா பிரச்சினையை ஒப்புக்கொண்டு, வாங்கியவர்களுக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் வடிகட்டிகள் இரண்டை இலவசமாகத் தந்தது. ஆறு லென்ஸ் வைத்திருந்தவர் மற்ற நான்குக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

அதோடும் முடியவில்லை. அந்த வடிகட்டி அகலக் கோண லென்ஸ்களில் ஓரங்களை நீலப்பச்சையாக்கியது. கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் அதைத் திருத்தும், ஆனால் எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமே! அதற்காக லென்ஸ் வளையத்தில் கருப்பும் வெள்ளையுமாக ஆறு புள்ளிகள் வைக்கும் முறை இருந்தது. புதிய லென்ஸ்களில் அவை இருந்தன. பழையவற்றில் பலவற்றை ஜெர்மனிக்கு அனுப்பி, கட்டணம் கட்டிப் பொறித்துக்கொள்ளலாம். சிலர் கருப்பு மார்க்கர் பேனாவால் தாங்களே புள்ளி வைத்துக்கொண்டார்கள். வேலையும் செய்தது! ஐம்பது வருடமாகக் கம்பியும் மின்சாரமும் இல்லாமல் ஓடிய லென்ஸ் வரிசை, கடைசியில் மார்க்கர் பேனாவை நம்பி நின்றது.

கையேட்டில் இன்னொரு பட்டியலும் இருந்தது. 15 மி.மீ. ஹோலோகானைப் பயன்படுத்த முடியாது. 21 மி.மீ. சூப்பர் ஆங்குலானும் ஆரம்பகால 28 மி.மீ. எல்மரிட்டும் மாட்டும், ஆனால் ஒளியை அளக்க முடியாது. எம்8 ஷட்டர் தகடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் அளக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸ் அந்த வழியை மறித்துவிடும். உள்ளே தள்ளி மடக்கும் லென்ஸ்களை மாட்டலாம், மடக்கக் கூடாது. வாங்குவதற்கு முன் படிக்க வேண்டிய பக்கம் இதுதான்.

பழைய லென்ஸ்களைக் காப்பாற்ற மெல்லிய கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவுதான். நிறத்தை முன்னால் ஒரு வடிகட்டி மாட்டிச் சரிசெய்யலாம், மங்கிப்போன ஓரத்தை எதை வைத்தும் மீட்க முடியாது. ஆனால் அதை முதல் நாளே சொல்லி, வடிகட்டியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தத் தேர்வு எவ்வளவு சரி என்பதை 2013இல் வந்த சோனி ஏ7 காட்டியது. முழு அளவு சென்சார், குறைந்த விலை, இணைப்பான் போட்டால் எந்தப் பழைய லென்ஸும் மாட்டும். ஆனால் அதன் சென்சார் கண்ணாடி கனமானது. 50 மி.மீ. லென்ஸில் அருமையான படம். ரேஞ்ச்ஃபைண்டர் அகலக் கோண லென்ஸ் மாட்டினாலோ ஓரங்கள் தண்ணீர் பட்ட மை போல இழுபட்டன. கண்ணாடியைக் கழற்றி மெல்லியது பொருத்தித் தரத் தனியார் பட்டறைகளே தோன்றின.

லைக்கா 2009 செப்டம்பரில் எம்9ஐ வெளியிட்டது. 24 × 36 மி.மீ. முழு அளவு, 18 மெகாபிக்சல். 35 மி.மீ. லென்ஸ் மறுபடி 35 ஆனது. கண்ணாடியின் வகையையும் மாற்றியதால் முன் வடிகட்டி தேவைப்படவில்லை. ஆனால் சில வருடங்களில் அந்தக் கண்ணாடியே அரிக்கத் தொடங்கியது. 2014இல் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, சென்சார்களை மாற்றித் தர வேண்டியதாயிற்று.

2022இல் வந்த எம்11இல் ஒளியைச் சென்சாரே அளக்கிறது. ஒளி வாங்கும் பகுதி மேற்பரப்புக்கு அருகில் இருக்கும் வகைச் சென்சார் அது, அந்தக் கிணறு இப்போது அவ்வளவு ஆழமில்லை. 1930களின் எல்மர் லென்ஸை அதில் மாட்ட, 1954இல் செய்த அதே ஒரு மில்லிமீட்டர் வளையம் போதும்.