அடையாறு ஆஸ்பத்திரியும் ஒரு பதிவேடும்

மயிலாப்பூரில் ஒரு காலத்தில் “அவங்க அடையாறுக்குப் போய்க்கிட்டிருக்காங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், காந்தி நகரில் உறவினர் வீட்டுக்குப் போகிறார்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நோயின் பெயரை வாயால் சொல்ல மாட்டோம், ஊரின் பெயரைச் சொல்லிவிடுவோம். என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும்.

அந்த ஆஸ்பத்திரியின் சிகிச்சையைப் பற்றியும் அதன் டாக்டர்களைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். நான் குமாஸ்தாவாக இருந்தவன். அதனால் அங்கே இருக்கும் ஒரு பதிவேட்டைப் பற்றி எழுதுகிறேன். அதில் எங்கள் வீட்டுக்கும் ஒரு வரி உண்டு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். ஆரம்பத்தில் அதை நாள்பட்ட சீதபேதி என்றே நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவம் படித்த அக்கா பக்கத்தில் இருந்தும் இப்படி. அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். எப்படியும் இறக்கப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பதே அன்றைய அதிகார வட்டாரத்தின் எண்ணமாக இருந்தது. கடைசியில் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார்கள். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் அடையாறு கால்வாய்க் கரையில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு ஆண்டு மயிலாப்பூர்ப் பெண்ணான டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் மறையும்வரை அவர் அங்கிருந்து நகரவே இல்லை.

அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் முற்றிய நிலையில் வந்தவர்கள். வாசலில் உட்கார்ந்து காத்திருந்தால் இந்த நிலை மாறாது என்று இருவருக்கும் சீக்கிரமே புரிந்துவிட்டது. 1960களிலேயே காஞ்சிபுரம் பகுதியில் ஆரம்பநிலைப் பரிசோதனைக்குப் போனார்கள். ஆனால் யாரிடம் போய் எதைச் சொல்வது? அதற்கு முதலில் ஊரில் யாருக்கு எந்த நோய் வருகிறது என்று தெரிய வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் வராதவர்கள் விட்டுப்போவார்களே!

இங்கேதான் பதிவேடு வருகிறது. பம்பாயில் அப்படி ஒரு பதிவேடு 1960களிலேயே இருந்தது. 1981இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியத் திட்டமாக அதை விரிவாக்கியபோது, மெட்ராஸ் பொறுப்பு அடையாறுக்கு வந்தது. 1982 முதல் கணக்கு தொடங்கியது. புற்றுநோய் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. எனவே தகவல் தானாக வந்து சேராது. பதிவேட்டு ஊழியர்கள்தான் அரசு ஆஸ்பத்திரி, தனியார் நர்சிங் ஹோம், பரிசோதனைக்கூடம் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பெயர், வயது, விலாசம், நோய் எல்லாம் குறித்து வந்தார்கள். ஒரே ஆள் மூன்று இடத்தில் காட்டியிருந்தால் மூன்று பேராக எண்ணிவிடக் கூடாது. அதற்காக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதோடு நிற்காமல் மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் புரட்டினார்கள். எங்கும் சிகிச்சைக்குப் போகாமல் வீட்டிலேயே இறந்தவர்கள் அங்கேதான் அகப்படுவார்கள்.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் ஊரில் நகரசபையை ‘மேரி’ என்போம். பிறப்பு இறப்புப் பதிவு ‘எத்தா சிவில்’. அழகான கையெழுத்தில் தாத்தா பெயர், சாட்சி பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் மரணச் சான்றில் காரணம் மட்டும் இருக்காது. பிறகு மெட்ராஸில் அரசு வேலைக்கு வந்து ஓய்வூதியப் பிரிவில் முப்பது ஆண்டு மரணச் சான்றிதழ்களாகவே பார்த்தேன். இங்கும் அதில் காரணம் இருக்காது. நமது 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குடும்பத்துக்குக் கொடுக்கும் நகலில் காரணத்தைக் காட்டக் கூடாது. ஆனால் அலுவலகத்தில் இருக்கும் பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

1986இல் என் அக்கா எங்களோடு மந்தைவெளியில் இருந்தாள். ஐம்பது வயது, கணவரை இழந்தவள், கல்யாணத்துக்கு நிற்கும் ஒரே மகள். மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டு ஆன பிறகு திரும்ப உதிரம் பட்டிருக்கிறது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்குத் தெரிந்து கேட்டபோதும், “தம்பிகிட்ட சொல்லாதே, பொண்ணைப் பார்க்க வர்ற நேரம்” என்றாளாம். பிறகு திரு.வி.க. பாலத்தைத் தாண்டிக் கூட்டிப்போனோம். கருப்பைவாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. ஏழு மாதத்தில் வீட்டிலேயே போய்விட்டாள்.

மயானத்துக்குப் போகுமுன் சித்தப்பா என்னைத் தனியே அழைத்தார். “வேற ஏதாவது போடச் சொல்லுடா. நாளைக்குப் பொண்ணைக் கேட்க வர்றவன் விசாரிச்சா?” தெருமுனை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவரும் இரக்கப்பட்டு ‘இதயம் நின்றதால்’ என்று எழுதிக் கொடுத்தார். இதயம் நிற்காமல் செத்தவர் யார்? ஒரு காற்புள்ளி தவறினாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அன்று என் கையாலேயே அதை நீட்டினேன்.

எங்களைப் போல் எத்தனை வீடுகள்! இப்படி மறைத்தவர்களையும் மீறித்தான் அந்தப் பதிவேடு உருவானது. அது முதலில் சொன்ன செய்தி, மெட்ராஸ் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கே முதலிடம் என்பது. வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால், ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுக்கு 40 பேருக்கு மேல். உலகத்திலேயே அதிகமான ஊர்களில் ஒன்றாக நம் ஊர் இருந்தது. ஆண்களில் இரைப்பைப் புற்றுநோய் முன்னால் நின்றது. 1965இல் பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உலக நகரங்களின் கணக்கைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறது. அதிலும் மெட்ராஸ் இடம்பெற்றது.

இறப்புப் பதிவேட்டால் நோயை அறிவது புதிய யோசனை அல்ல. 1842இல் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற இத்தாலிய மருத்துவர், வெரோனா நகரத்தின் பழைய இறப்புப் பதிவேடுகளை எடுத்து எண்ணினார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் அதிகமாகவும், கன்னியாஸ்திரிகளிடம் மிக அரிதாகவும் இருந்தது. மார்பகப் புற்றுநோயோ கன்னியாஸ்திரிகளிடம் கூடுதல். ஏன் என்று அப்போது தெரியவில்லை. நூற்று நாற்பது ஆண்டு கழித்து, 1980களின் தொடக்கத்தில் ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹாவுசென் கருப்பைவாய்ப் புற்றுநோயில் எச்.பி.வி. வைரஸைக் கண்டுபிடித்தார். 2008இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். தாம்பத்திய உறவு வழியே பரவும் சாதாரண வைரஸ் அது. பெரும்பாலோருக்குத் தானே மறைந்துவிடும். சிலருக்குத்தான் தங்கிப்போய்ப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக மாறுகிறது.

இதில் இரண்டு விஷயம் அடங்கியிருக்கிறது. ஒன்று, இந்த நோய் வர ஆண்டுகள் பிடிக்கும், அதனால் முன்கூட்டியே கண்டுபிடிக்க அவகாசம் உண்டு. இரண்டு, இது தாயிடமிருந்து மகளுக்குச் சொத்துப் போல் வருவது அல்ல. நாங்கள் எந்தப் பயத்தால் பொய் எழுதினோமோ, அந்தப் பயத்துக்கே ஆதாரம் இல்லை.

முன்கூட்டிக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை என்பதையும் தமிழ்நாட்டில்தான் காட்டினார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை ஆஸ்பத்திரியும் லியோன் அமைப்பும் சேர்ந்து, பயிற்சி பெற்ற நர்ஸுகளைக் கொண்டு, 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதித்தார்கள். காடியில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். ஒரே ஒரு முறை செய்த இந்தப் பரிசோதனையும் அதைத் தொடர்ந்த சிகிச்சையும் அந்தப் புற்றுநோயால் வரும் சாவை 35 சதவீதம் குறைத்தன என்று 2007இல் முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு முன்னோட்டமாகத் தொடங்கிய பரிசோதனைத் திட்டம் பிறகு மாநிலம் முழுவதும் போனது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். இப்போது தடுப்பூசியும் இருக்கிறது.

சென்னையில் இன்று அந்த 40 என்ற எண் 20க்குக் கீழே வந்துவிட்டது. எல்லாம் பரிசோதனையால் என்று சொல்லிவிட முடியாது. பெண்கள் தாமதமாக மணம் செய்கிறார்கள், பிள்ளைகள் குறைவு, குளியலறையும் தண்ணீரும் வீட்டுக்குள் வந்துவிட்டன. இவையும் காரணம். அதே நேரம் மார்பகப் புற்றுநோய் ஏறிக்கொண்டே வந்து 2000களில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இந்த மாற்றமும் பதிவேடு சொல்லித்தான் தெரிந்தது. முன்பு பெண்களிடம் உதிரப்போக்கைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது மார்பில் கட்டியைப் பற்றியும் பேசுகிறார்கள். 2012க்குப் பிறகு பதிவேட்டையும் தமிழ்நாடு முழுவதற்கும் விரித்திருக்கிறார்கள்.

வாசிக்கும் நண்பர்களில் வெற்றிலை போடுகிறவர்கள் இருப்பீர்கள். புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் வாய்ப் புற்றுநோயைத் தரும் என்று லியோன்காரர்கள் 2003இலேயே முடிவு செய்துவிட்டார்கள். மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்ற பின் உதிரம், மார்பில் கட்டி, மாறிப்போன குரல் இவற்றில் எது இருந்தாலும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அக்கா போய் நாலைந்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் தாள்களோடு ஒருவர் வாசலில் நின்றார். அடையாறிலிருந்து வருகிறேன், அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். கடைசி முறை பார்க்க வராதவர்களை வீடு தேடி விசாரிப்பது அவர்கள் வேலை. இறந்துவிட்டார் என்றேன். தேதி கேட்டார். பிறகு, “எதனால் சார்?” என்றார். உள்ளே அக்கா மகள் காபி கலந்துகொண்டிருந்தாள். சித்தப்பா ஈஸிசேரில் இருந்தார். நான் வாசலுக்கு வெளியே இறங்கி, மெதுவான குரலில்தான், ஆனால் உள்ளதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்த தெரு விலாசம் கேட்டுப் போனார்.

அக்கா மகளுக்கு மறு ஆண்டே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் விசாரிக்கவில்லை. இப்போது அவளுக்கு அறுபது நெருங்குகிறது. அம்மாவுக்கு என்ன நோய் என்று அவளுக்கு நாங்கள் சொன்னது அவளுடைய நாற்பதாவது வயதில். “இதை அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா” என்று மட்டும் கேட்டாள். இன்றுவரை அவள் பரிசோதனையைத் தவறவிடுவதில்லை. போன மாதம் போனில் கூப்பிட்டபோது, எங்கே இருக்கிறாய் என்றேன். பக்கத்தில் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. “அடையாறில் மாமா, கேன்சர் செக்கப்புக்கு வந்திருக்கேன்” என்று சத்தமாகவே சொன்னாள்.