பள்ளி விட்ட பிறகும் பூட்டாத வாசல்: கேம்பிரிட்ஜ்ஷயரின் கிராமக் கல்லூரிகள்

கேம்பிரிட்ஜ் என்றதும் தமிழருக்கு ராமானுஜன் நினைவுக்கு வருவார். அவர் 1919இல் நாடு திரும்பினார். ஐந்தாண்டுகள் கழித்து, அதே நகரில் கவுன்டி கவுன்சிலின் கல்விச் செயலாளராக இருந்த ஹென்றி மோரிஸ் ஒரு திட்டக் குறிப்பை எழுதி முடித்தார். பள்ளி, நூலகம், மருத்துவ அறை, ஊர் மன்றம் ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்பே ஒரு வளாகத்தில் சேர்த்துக் கட்டலாம் என்ற எண்ணம் இன்று எங்கு பேசப்பட்டாலும், அதன் வேர்களில் ஒன்று 1924ஆம் ஆண்டின் அந்தக் குறிப்புக்குள் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் புகழை வைத்து கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தை மதிப்பிட்டுவிடக் கூடாது. கல்லூரிக் கோபுரங்களைத் தாண்டிச் சில மைல் போனால் வறுமைதான். முதல் உலகப் போருக்குப் பின் தானிய விலை சரிந்தது. பண்ணைக் கூலி சரிந்தது. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் ஒரு சிறு பள்ளி இருந்தது. ஐந்து வயதுக் குழந்தையும் பதினான்கு வயதுப் பையனும் ஒன்றிரண்டு ஆசிரியர்களிடம் படித்தார்கள். கவுன்டி நூலகம் என்பது பள்ளிக்கு வந்து சேரும் ஒரு புத்தகப் பெட்டி. மாலை வகுப்புக்கு வந்த பெரியவர்கள் சிறுவர் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிக் குழு, தனித்தனிக் கணக்கு. எதற்கும் போதிய பணம் இல்லை.

மோரிஸே பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பல்கலைக்கழகம் அவருக்குப் பிந்திக் கிடைத்தது. படிப்பு பள்ளியோடு முடிந்துவிடக் கூடாது என்ற பிடிவாதம் அந்த அனுபவத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அவருடைய திட்டம் இது: சுற்றிலும் சிற்றூர்கள் உள்ள ஒரு பெரிய கிராமத்தைத் தேர்ந்தெடுப்பது, அங்கே ‘கிராமக் கல்லூரி’ ஒன்றைக் கட்டுவது. பகலில் அது அந்த வட்டாரப் பிள்ளைகளின் மேல்நிலைப் பள்ளி. மாலையில் பெரியவர்களின் கல்விக்கூடம். அதற்குள்ளேயே நூலகக் கிளை, குழந்தை நல மையம், நாடகமும் நடனமும் நடக்கும் மன்றம், வேளாண் வகுப்பு, மாதர் சங்கத்துக்கு ஓர் அறை, விளையாட்டுத் திடல். தாலாட்டும் வயது முதல் தள்ளாத வயது வரை ஒருவர் அதே வாசல் வழியாக வந்துபோகலாம்.

கவுன்சில் உறுப்பினர்களை இத்திட்டத்தை அவர் எப்படி ஏற்கச் செய்தார் என்பது கவனிக்கத் தக்கது. கவுன்சிலில் நிலக்கிழார்களுக்கும் பண்ணை உரிமையாளர்களுக்கும் செல்வாக்கு மிகுதி. உள்ளாட்சி வரி கூடும் என்றாலே எதிர்ப்பு எழும். ஆகவே தனித்தனியாகக் கட்டுவதைவிடச் சேர்த்துக் கட்டுவது சிக்கனம் என்ற வாதத்தையும் அவர் முன்வைத்தார். வாதம் உண்மைதான். ஆனால் அவர் மனம் வேறிடத்தில் இருந்தது. நல்ல கட்டடத்தில் புழங்குவதே ஒரு கல்வி என்று நம்பியவர் அவர். சிக்கனம் அவருக்கு வழி. ஊர் மக்கள் ஒன்றுகூடுவதே நோக்கம். பிற்காலத்தில் பல கவுன்சில்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன.

முதல் கல்லூரி சாஸ்டன் என்ற ஊரில் எழுந்தது. அங்கே காகித ஆலை நடத்திய ஸ்பைசர் குடும்பத்தார் நிலம் கொடுத்தார்கள். கவுன்சிலின் பணம் போதாமல் கார்னெகி அறக்கட்டளை போன்ற இடங்களிலும் மோரிஸ் நிதி திரட்டினார். 1930 அக்டோபரில் வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்தார். பாட்டிஷாம், லின்டன் ஆகிய ஊர்களின் கல்லூரிகள் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வந்தன.

இம்பிங்டன் என்ற ஊரின் கல்லூரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியை நிறுவிய வால்டர் குரோப்பியஸ், நாஜி ஆட்சியிலிருந்து விலகி 1934இல் இங்கிலாந்து வந்திருந்தார். அவரையும் அவருடைய கூட்டாளி மேக்ஸ்வெல் ஃப்ரையையும் கொண்டு இம்பிங்டன் கல்லூரியை வடிவமைக்க மோரிஸ் விரும்பினார். வெளியிலிருந்து வரும் கட்டடக் கலைஞருக்குக் கட்டணம் தர கவுன்சில் தயங்கியது. மோரிஸ் சளைக்கவில்லை, நன்கொடை திரட்டி அந்தக் கட்டணத்தைக் கட்டினார். ஜாம் தயாரிப்பில் பெயர்பெற்ற சிவர்ஸ் குடும்பத்தார் நிலம் தந்தனர். 1937இல் குரோப்பியஸ் ஹார்வர்டுக்குப் போய்விட்டார். கட்டடம் 1939இல், போர் மூண்ட ஆண்டில், திறக்கப்பட்டது.

அதன் அமைப்பில்தான் மோரிஸின் சிந்தனை முழுதாகத் தெரிகிறது. நடுவில் அகன்ற நடைக்கூடம். ஒரு பக்கம் விசிறி வடிவில் பேரரங்கு. வகுப்பறைகள் ஒற்றைத் தளத்தில் வரிசையாக நிற்கின்றன; அவற்றின் மடக்குக் கண்ணாடிக் கதவுகளைத் திறந்தால் புல்வெளி. மறுபுறம் மெல்ல வளைந்து செல்லும் பெரியவர் பகுதியில் பொது அறையும் விரிவுரை அறைகளும் விளையாட்டு அறையும் உண்டு. பெரியவர்களுக்கு அவர்கள் உயரத்துக்கு நாற்காலி. கண்ணியமான ஓர் இடம். ஆனால் பகுதிகளை இணைப்பது நடைக்கூடம். பையன் பள்ளிவிட்டு வெளியேறும்போது அவன் தாய் தையல் வகுப்புக்கு உள்ளே வருவாள் என்றால், அவர்கள் எதிர்ப்படுவது அங்கேதான்.

அந்தக் கட்டடத்துக்காகச் சிற்பி ஹென்றி மூரிடமும் பேச்சு நடந்தது. வயது வித்தியாசமின்றிக் குடும்பம் முழுவதும் வந்துபோகும் இடம் என்பதால் தாய், தந்தை, குழந்தை சேர்ந்த ஒரு சிற்பம் என்ற கரு உருவானது. பணம் திரளவில்லை. போருக்குப் பின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் கல்வி அதிகாரி ஜான் நியூசம் முயற்சி எடுத்ததால், மூரின் ‘குடும்பம்’ வெண்கலச் சிற்பம் ஸ்டீவனேஜ் நகரின் பார்க்லே பள்ளியில் நிறுவப்பட்டது. இம்பிங்டனுக்கு அது கிடைக்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தமே.

மோரிஸ் 1954இல் ஓய்வுபெற்றார், 1961இல் மறைந்தார். அவர் வழியை லெஸ்டர்ஷயரில் ஸ்டூவர்ட் மேசன் சமுதாயக் கல்லூரிகளாக வளர்த்தார். நகரத்தில் அந்த எண்ணத்தின் எதிரொலி லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலில் கேட்டது. 2002இல் போ பகுதியில் தொடங்கிய ‘ஐடியா ஸ்டோர்’, 2005இல் ஒயிட்சாப்பல் சந்தைத் தெருவிலும் எழுந்தது. கட்டடக் கலைஞர் டேவிட் அஜாயே. நூலகம், வளர்ந்தோர் வகுப்புகள், காபிக் கடை மூன்றும் ஒன்றாக. கடைத்தெருவுக்குப் போகிறவர் போகிற போக்கில் ஏறி வரும்படி இடத்தைத் தேர்ந்தார்கள். இது மிகச் சரியான முடிவு.

2010க்குப் பின் பிரிட்டனில் உள்ளாட்சிகளுக்கான மத்திய நிதி கடுமையாகக் குறைந்தது. சேவைகளை ஒரு கூரைக்குள் கொண்டுவருவது என்பது பல ஊர்களில் நூலகத்தை மூடி, அதன் மிச்சத்தை வேறொரு அலுவலகத்தின் மூலைக்கு மாற்றுவதாக முடிந்தது. அங்கே வரி கட்ட ஒருவர் வருகிறார், புத்தகம் எடுக்க ஒருவர் வருகிறார். இருவரும் தத்தம் வரிசையில் நின்று திரும்புகிறார்கள்.

மோரிஸின் திட்டத்தில் எளிதில் கண்ணில் படாத ஒரு கூறு உண்டு. கிராமக் கல்லூரியின் தலைவருக்கு அவர் தலைமையாசிரியர் பதவியைத் தரவில்லை. ‘வார்டன்’ பதவியைத் தந்தார். பகலில் பள்ளியும் இரவில் ஊரும் அவர் பொறுப்பு. வளாகத்திலேயே அவருக்கு வீடு. முந்தின இரவு நாடகக் குழு கலைத்துப் போட்ட நாற்காலிகளைக் காலையில் யார் அடுக்குவது, நூலகத்துக்குப் பெரியவர்கள் எந்த நேரம் வரலாம், எந்த அறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற சின்னச் சண்டைகளில்தான் பொதுக் கட்டடங்கள் துண்டு துண்டாகின்றன. அவற்றைத் தீர்க்கும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தது. இன்று பள்ளிகளின் பாதுகாப்பு விதிகள், நியாயமான காரணத்தோடுதான், வேலி கேட்கின்றன. கேம்பிரிட்ஜ்ஷயரின் கிராமக் கல்லூரிகள் பலவும் கவுன்சிலின் கையை விட்டு, ‘அகாடமி’ எனப்படும் தன்னாட்சிப் பள்ளிகளாகிவிட்டன. புதிய பல்நோக்குக் கட்டடங்களில் ஐந்து துறைக்கு ஐந்து மேலாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே அத்தகைய கட்டடத்தின் வரைபடம் தயாராகும் முன்பே, வார்டனின் வேலையை யார் பார்ப்பார், அவர் சம்பளம் எந்தத் துறைக் கணக்கில் வரும் என்பதைக் கவுன்சில் தீர்மானம் போட்டு எழுதிவைக்க வேண்டும்.